படம் கிழிந்த பக்கத்தை அவனால் வாசிக்க முடியவில்லை: இதற்கு எந்தப் பயிற்சி?

ஈராசிரியர் பள்ளி டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. 11 வருஷ சர்வீஸ். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு, மொத்தம் 19 பிள்ளைகள். நான்கு, ஐந்தை தலைமையாசிரியர் பார்க்கிறார். அவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் எனக்குத்தான்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள், பாட்டி வீட்டில் இருந்து வருகிறான். பாடப் பக்கத்தைத் திறந்தால் விரலை வரியில் வைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழகாக வாசிப்பான். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கும்போது யோசிக்காமல் மலரில் பதிந்தேன். பள்ளியைப் பார்வையிட யார் வந்தாலும் அவனைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வேன்.

போன வாரம் அவன் தங்கச்சி அவனுடைய புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டாள். படம் இருந்த மேல்பாதி போய்விட்டது. கீழே நாலு வரி பத்திரமாக இருந்தது. வாசிக்கச் சொன்னேன். முதல் சொல்லையே எடுக்க முடியவில்லை. பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை வாங்கி அதே பக்கத்தைக் கொடுத்தேன். கடகடவென்று வாசித்தான். படத்தின் மேல் என் கையை வைத்தேன். நின்றுவிட்டான். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். இரண்டு வருஷமாக ஒளித்து வைத்திருந்ததை டீச்சர் கண்டுபிடித்துவிட்டார்களே என்று பயந்த பார்வை அது. எனக்குத் தாங்கவில்லை.

சிலேட்டில் 'கல்' என்று எழுதினேன். "க… இல்… கயில்" என்றான். 'பல்' எழுதினேன். "பயில்." 'மரம்' எழுதினேன். "மரயிம்." எழுத்தெல்லாம் தெரிகிறது, சொல் வரவில்லை.

பருவத்துக்குப் பருவம் பயிற்சிக்குப் போகிறேன். பாட்டு, பொம்மலாட்டம், முகமூடி, துணைக்கருவி எல்லாம் கற்றுக்கொண்டேன். அவற்றைக் குறை சொல்லவே மாட்டேன், பாட்டு வந்த பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விடுப்பு எடுப்பது குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு பிள்ளைகூட இருந்ததில்லை. பயிற்சி நடத்தும் கருத்தாளர் ஆசிரியராக நிற்பார், நாங்கள் பிள்ளைகளாக உட்காருவோம். பிள்ளையாக நடித்த எங்கள் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும். தெரியாத ஒருவனுக்கு எந்த இடத்தில் முட்டுகிறது என்று அங்கே எப்படித் தெரியவரும்?

இரண்டு கேள்வி. இந்தப் பையனுக்கு நாளைக் காலையில் நான் என்ன செய்யட்டும்? பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பார்க்க உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது எது? பயிற்சியோ, ஆளோ, எதுவானாலும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை:

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 'கயில்' என்று சொன்ன பிள்ளைக்குச் சேர்க்கத் தெரிந்திருக்கிறது. 'க'வையும் 'இல்'லையும் சேர்த்தால் கயில்தானே வரும்? நாம் கொடுத்ததை அவன் சரியாகச் சேர்த்திருக்கிறான். நாம் கொடுத்ததில்தான் சிக்கல்.

மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிப்பது கடினம் என்பதால் இக், இங், இச் என்று முன்னால் ஒரு 'இ' போட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம். என் ஆசிரியர் எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார், 34 வருஷம் நானும் அதையே செய்தேன். பாதிப் பிள்ளைகள் அந்த 'இ'யைத் தாமாகவே உதறிவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். மீதிப் பேர் அதை நம்பிப் பிடித்துக்கொள்வார்கள். மந்தம் என்று நாம் பெயர் வைப்பது அவர்களுக்குத்தான்.

நாளைக் காலையில் இதைச் செய்யுங்கள். சிலேட்டில் 'க' மட்டும் எழுதுங்கள். அவன் 'க' என்று சொல்லி நீட்டிக்கொண்டே இருக்கட்டும். நீட்டும்போதே பக்கத்தில் 'ல்' எழுதுங்கள். நாக்கு மேலே போய் ஒட்டும், சத்தம் தானாகக் 'கல்' என்று முடியும். 'இல்' என்ற பேச்சே எடுக்காதீர்கள். பிறகு 'ல்'லை விரலால் அழித்து 'ண்' போடுங்கள். கல், கண். அடுத்து பல், பண். வில், விண். முதல் எழுத்து மாறாமல் முடிவு மட்டும் மாறட்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். மூன்று எழுத்துச் சொல்லுக்கு அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் அட்டைகளை வைத்து, ஏணிப்படி மாதிரி படிப்படியாகத் தங்கள் வேகத்தில் கற்கிற செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அந்த ஆசிரியர்களை ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற ரிஷிவேலிக்கு அனுப்பி, அங்குள்ள கிராமப் பள்ளிகளின் வகுப்பைப் பார்க்கச் செய்தார்கள். 2007-08-ல் மாநிலம் முழுவதற்கும் வந்தபோது எங்களுக்கும் அதில் ஒரு துளி கிடைத்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கு ஒரு நாள் போய் உட்காரச் சொன்னார்கள். பாயில், பிள்ளைகளோடு. சுவரில் தரையை ஒட்டிக் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்த தாள்கள் ஆடிக்கொண்டிருந்தன.

அந்த டீச்சர் ஒரு சிறுமிக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் தன் கட்டத்தில் 'பாடம்' எழுதுகிறாள். ப எழுதி, கால் போடாமல் ட எழுதி, நின்று, திரும்பிப் போய் கால் போட இடம் தேடுகிறாள். டீச்சர் வாயைத் திறக்கவே இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. ரொம்ப நேரம் கழித்து, "சொல்லிப் பாரேன், முதல்ல என்ன கேக்குது?" என்று மட்டும் கேட்டார். அவள் "பா" என்றாள். முழுவதையும் அழித்துவிட்டுச் சரியாக எழுதினாள். எனக்கு அப்போது 22 வருஷ சர்வீஸ். அவ்வளவு நேரம் ஒரு பிள்ளையின் கையை நான் பார்த்ததே கிடையாது.

பிற்பாடு அட்டைகள் கிழிந்தன, ஏணிப்படியில் பிள்ளை எந்தப் படியில் என்று குறித்து வைப்பதே வேலையாகிப் போனது, அதையும் நான் பார்த்தேன். அது வேறு கதை. இன்னொரு டீச்சரின் வகுப்பில் ஒரு நாள் சும்மா உட்கார உங்களுக்கு அனுமதி கிடைத்தால் விடாதீர்கள்.

தாளவாடி ஆசிரியர்:

டீச்சர், உங்கள் பதிவைப் படித்ததும் என் முதல் வருஷம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஈரோடு மாவட்டம்தான், ஆனால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் பேச்சு வேறு. எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் வீட்டில் கன்னடம். தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்து பாஷை.

ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுமிக்கு 'ப' நடத்தினேன். பால் படம் காட்டினேன். "ஹாலு" என்றாள். பாம்பு காட்டினேன். "ஹாவு." பல்லைத் தொட்டுக் காட்டினேன். "ஹல்லு." புலி? "ஹுலி." பழம்? "ஹண்ணு." ஒரு மாதம் இப்படியே போனது. எழுத்து அறியாதவள் என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். அதை இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சத்துணவு சமைக்கிற அக்கா ஒரு நாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "சார், அவ சரியாத்தான சொல்றா?" என்றார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 'ப'வுக்கு நான் காட்டிய அத்தனை சொல்லும் அவள் வாயில் 'ஹ'வில் தொடங்குகிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. நான் 'ப' என்று நீட்டிய படம் ஒவ்வொன்றும் அவளுக்கு 'ஹ' என்று கேட்டிருக்கிறது. எந்தப் பிள்ளைக்கும் குழப்பம் வரத்தானே செய்யும்?

அடுத்த ஒரு வாரம் மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த அக்காவும் நானும் உட்கார்ந்து இரண்டு பேச்சிலும் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைத் தேடினோம். மரம் – மர. மீன் – மீனு. கல் – கல்லு. நாய் – நாயி. கோழி – கோளி. 'ம'வில் தொடங்கினேன். 'ப'வை மூன்று மாதம் தள்ளிப் போட்டேன். பால், பாம்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவள் வாயிலும் 'ப'வாகவே இருக்கிற 'பஸ்'ஸில் ஆரம்பித்தேன். நிலைத்துவிட்டது.

பயிற்சியில் இது வரவில்லை என்று கோபப்பட்ட காலம் உண்டு. மாநிலம் முழுமைக்கும் ஒரே பயிற்சிக் கட்டகம் (கையேடு) எழுதுகிறவர்களுக்கு எங்கள் மலையின் 'ஹாலு' எப்படித் தெரியும்? வகுப்பில் இருக்கிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அப்படிக் கண்டுபிடிக்க வேண்டியது உன் வேலை என்றாவது எனக்கு யாரேனும் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்னடம் படிக்கிற பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். எழுத்துகள் முழுவதும் கைவர நான்காம் வகுப்பு வரைக்கும்கூட நீள்கிறது என்று அதில் காட்டியிருக்கிறார். நம் எழுத்தும் அதே குடும்பம்தான். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. மூன்றாம் வகுப்பில் உங்கள் பையன் பிந்திவிட்டான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

ஆசிரியர் பயிற்றுநர் (வட்டார வள மையம்):

நீங்கள் சொல்லும் அந்தக் கூடத்தில் கருத்தாளராக நிற்பவள் நான். அதனால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பயிற்சி எங்கள் கைக்கு எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாநில அளவில் ஒரு குழு கட்டகம் தயாரிக்கும். மாவட்டக் கருத்தாளர்கள் அங்கே கற்று வந்து எங்களுக்கு நடத்துவார்கள். நாங்கள் ஒன்றியத்தில் உங்களுக்கு நடத்துவோம். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புக்குத் தொடங்கியது, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் நீண்டது. குறுகிய காலத்தில் அத்தனை ஆயிரம் ஆசிரியர்களுக்கும் போய்ச் சேர வேறு வழியும் இல்லை. ஆனால் மூன்று கை மாறும்போது பாட்டு அப்படியே வந்துவிடுகிறது, துணைக்கருவி வந்துவிடுகிறது. 'ஏன்' என்பதுதான் வழியில் உதிர்ந்துபோகிறது. இந்த எழுத்துக்குப் பிறகு ஏன் அந்த எழுத்து என்று நீங்கள் கேட்டால், கட்டகத்தைப் புரட்டித்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிப் பார்வைக்கு வரும்போதும் கையில் படிவத்தோடுதான் வருவேன். துணைக்கருவி இருக்கிறதா, பயிற்சி நூல் திருத்தியிருக்கிறதா என்று பார்ப்பேன். நான் உள்ளே வந்தால் டீச்சர் நன்றாக வாசிக்கிற பிள்ளையை எழுப்புவார், நானும் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போவேன். உங்கள் பையனை மாதிரி எத்தனை பிள்ளைகளுக்கு 'நன்று' எழுதியிருக்கிறேனோ.

ஒரு பள்ளியில் இது மாறியது. அந்த டீச்சருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. நீங்கள் உட்காருங்கள், 20 நிமிஷம் நான் எடுக்கிறேன் என்றேன். 'கொடி' என்ற சொல். ஒரு சிறுமி "கெ… கா…" என்று சொல்லி நின்றாள். இடமிருந்து வலமாக என்ன பார்க்கிறாளோ அதைத்தான் சொன்னாள். முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்தால் 'ஒ' ஓசை என்று விளக்கினேன். மறுபடியும் "கெ… கா…". இன்னொரு விதமாகச் சொன்னேன். அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். கூடத்தில் 60 பேருக்கு நான் நடத்திய அதே பாடம்தான் அது.

டீச்சர் எழுந்து வந்தார். மூன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். நடுப்பிள்ளை கையில் 'க' அட்டை, இடப்பக்கம் கொம்பு அட்டை, வலப்பக்கம் கால் அட்டை. ஓரத்தில் நின்ற இரண்டு பேரையும் நடுப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கைகோக்கச் சொன்னார். "இவங்க ரெண்டு பேரும் கை கோத்துட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளு, ஒரே சத்தம். வாயைக் குவி." சிறுமி வாயைக் குவித்தாள். "கொ." கையை விடச் சொல்லி, கால் பிள்ளையைப் போகச் சொன்னார். "கெ." மறுபடி வரச் சொல்லிக் கை கோக்கச் சொன்னார். "கொ."

அவர் அதை எந்தப் பயிற்சியிலும் கற்றதில்லை. ஒன்றியத்தில் இன்னொருவருக்கும் அது தெரியாது. அதுதான் என்னை உறுத்தியது.

அதற்குப் பிறகு, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு வழக்கம் கொண்டு வந்தேன். யாராவது ஒருவர் ஒரு பிள்ளையின் வாசிப்பை ஒரு நிமிஷம் கைப்பேசியில் குரலாக மட்டும் பதிந்து வருவார். வீட்டில் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பதிய வேண்டும், பிள்ளையின் பெயர், முகம் எதுவும் வேண்டாம். அதைக் கூட்டத்தில் மூன்று முறை போடுவோம். முதல் முறை எல்லோரும் கேட்பது மட்டும். இரண்டாம் முறை காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும், 'கவனம் இல்லை', 'வீட்டுச் சூழல்' என்றெல்லாம் எழுதக் கூடாது. மூன்றாம் முறைக்குப் பிறகு, பிள்ளை ஏன் அப்படிச் சொன்னான் என்று பேசுவோம். 40 நிமிஷம் ஆகும். முதல் இரண்டு கூட்டங்களில் யாரும் கொண்டுவரவில்லை. தன் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் காட்ட யாருக்குத்தான் மனம் வரும்? மூன்றாவது கூட்டத்தில் நான் தோற்ற அந்தக் 'கொடி' கதையைச் சொன்னேன். அதற்கடுத்த கூட்டத்துக்கு இரண்டு பேர் கொண்டுவந்தார்கள்.

உங்கள் பையனின் 'கயில்' வாசிப்பையும் இப்படிப் பதிந்து உங்கள் குறுவள மையக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவர் வகுப்பிலும் ஒரு 'கயில்' இருக்கும்.

ஈராசிரியர் பள்ளி டீச்சர்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். மூவருக்கும் என் நன்றி.

அம்மா, நீங்கள் சொன்னபடி 'க'வை நீட்டச் சொல்லி 'ல்' எழுதினேன். முதல் நாள் 'கயில்'தான். இரண்டாம் நாள் நீட்டிக்கொண்டே வந்து சட்டென்று "கல்" என்றான். சொன்ன கையோடு வெளியே ஓடி, முற்றத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து வந்து சிலேட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். மூன்றாம் நாள் கேட்டான்: "அப்ப 'இல்'லுன்னு சொன்னது பொய்யா டீச்சர்?" எனக்கு ஒரு நிமிஷம் பதில் வரவில்லை. "அது எழுத்தோட பேருப்பா. பேரு வேற, சத்தம் வேற. மாட்டுக்குப் பேரு மாடு, ஆனா அது 'மாடு'ன்னா கத்துது?" என்றேன். சிரித்தான். இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவனே அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

தாளவாடி சார், உங்கள் பதிலைப் படித்துவிட்டு என் சுவரில் இருக்கும் படங்களைப் பிள்ளைகளிடம் காட்டி, இது என்ன என்று மட்டும் கேட்டேன். 'இ'க்கு இலை. எல்லோரும் "எல" என்றார்கள். 'உ'வுக்கு உரல். "ஒரலு." தமிழே பேசுகிற ஊரில் எனக்கும் அதே கதைதான் நடந்துகொண்டிருக்கிறது, 11 வருஷமாக என் காதில் விழவில்லை. இரண்டையும் கழற்றிவிட்டேன். இட்லியும் உப்பும் வரைந்து ஒட்டியிருக்கிறேன்.

அவனை மலரிலிருந்து அரும்புக்கு மாற்ற வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். ஒரே தடவையில் இரண்டு நிலை இறங்கினால் கேள்வி வருமே என்று தயங்கினார். பையனைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே வாசிக்க வைத்தேன். கேட்டுவிட்டு, மாற்றிவிடுங்கள், யாராவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

கிழிந்த பக்கத்தை ஒட்ட வேண்டாம் என்று பையனே சொல்லிவிட்டான். நேற்று அந்தக் கீழ்ப்பாதியில் இரண்டு வரி வாசித்தான். மூன்றாவது வரியில் 'கொக்கு' வருகிறது. "கெ… கா…" என்று அங்கே நிற்கிறோம். பயிற்றுநர் மேடம், அந்த மூன்று பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும்? நான் நிறுத்தியபோது கொம்பு வலது பக்கம் போய்விட்டது.

ஆசிரியர் பயிற்றுநர் (வட்டார வள மையம்):

மூவரும் வகுப்பைப் பார்த்து நிற்கட்டும். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இடப்பக்கம் எதுவோ அங்கே கொம்பு. நீங்களும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பார்த்து நிறுத்துங்கள், மாறாது. பையனை முதலில் உட்கார வைத்துக் காட்டுங்கள், அடுத்த தடவை அவனையே கால் அட்டையோடு நிற்க வையுங்கள். 'கொக்கு' வந்ததும் 'கோழி'க்குப் போங்கள், கொம்பு அட்டையை மட்டும் இரட்டைக்கொம்பாக மாற்றினால் போதும். 'கௌதாரி'யை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்தக் கடைசிக் குறி 'ள' மாதிரியே இருப்பதால் "கெளதாரி" என்று வாசிப்பான், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். வியாழக்கிழமை நான் வேறொரு பள்ளியில் இதைச் செய்யப் போகிறேன். எந்த இடத்தில் பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு அன்று மாலை இங்கேயே எழுதுகிறேன்.